மாடி வீட்டுக்காரியின் பிரெட்

அவளுக்குக் கை வியர்க்கவே வியர்க்காது. இதைப் பாராட்டாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், எரிச்சலோடுதான் சொல்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் சிதம்பரத்தில் சுவருக்கே வியர்க்கும். உப்பு ஜாடியில் உப்பு கட்டிக்கொள்ளும், தீப்பெட்டியை எத்தனை முறை உரசினாலும் மருந்துதான் உதிரும், துவைத்துப் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாமல் நாற்றமடிக்கும். அப்படிப்பட்ட மாதத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அவளுடைய உப்பு பொலபொலவென்று கொட்டும். அவளுடைய தீக்குச்சி ஒரே உரசலில் பற்றிக்கொள்ளும். அவள் கடையில் வாங்கி வைத்த பிரெட் எட்டாம் நாளும் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். என்னுடைய பிரெட்டோ மூன்றாம் நாள் காலையில் பச்சைப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஒரே வாடகை வீட்டில் நாங்கள் கீழ் போர்ஷன், அவள் மேல் போர்ஷன். என்னைவிட நான்கு வயது சின்னவள். சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். வெளிநாடு போவதை அவர்கள் ஊரில் சபுர் என்பார்கள். "அவுக சபுர்ல இருக்காக" என்று அவள் சொல்லும்போது, அவர் ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கிற மாதிரி இருக்கும். இவள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். தோளில் எப்போதும் ஒரு சின்ன டவல் கிடக்கும். எதைத் தொடுவதானாலும் முதலில் இரண்டு கையையும் அதில் துடைத்துக்கொள்வாள். நான் சர்க்கரை கடன் கேட்டுப் போனாலும் துடைப்பாள், ரேஷன் கார்டை நீட்டினாலும் துடைப்பாள். முதல் தடவை பார்த்தபோது, என்னைத் தொட்டதற்காகத்தான் துடைக்கிறாளோ என்றுகூட எனக்குக் கோபம் வந்தது.

வீட்டுக்காரரோடு அவள் வெள்ளிக்கிழமை மட்டும்தான் நிதானமாகப் பேசுவாள். மற்ற நாளில் அவருக்கு நேரம் கிடையாதாம். சொல்ல வேண்டியதை எல்லாம் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருப்பாள். ஒரு வாரத்து விஷயத்தை அப்படியே வைத்திருந்து, வெள்ளிக்கிழமை அன்று நடந்த மாதிரிச் சொல்லிச் சிரிப்பாள். படிக்கட்டு வழியாக எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். என் வீட்டுக்காரர் தினமும் என் பக்கத்தில்தான் இருக்கிறார். எங்களுக்குப் பேச்சு திங்கள்கிழமையே தீர்ந்துவிடும். அதிலும் எனக்குப் பொறாமைதான்.

ஒரு தடவை அவளோடு சேர்ந்து பேக்கரிக்குப் போனேன். அவள் பிரெட் வாங்குகிற அழகே தனி. பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்த்தாள். அது மருந்துக்கடைப் பழக்கம், சரி. பிறகு பாக்கெட்டின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இது இன்னும் சூடா இருக்குதுண்ணே. ஆறுனது குடுங்க."

"எல்லாரும் சூடாத்தாம்மா கேக்குறாங்க. நீ ஒருத்திதான் பழசு கேக்குற."

"பழசு வேணாம்ணே. ஆறுனது."

கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வீம்புக்கென்றே அந்தச் சூடான பாக்கெட்டை வாங்கிக்கொண்டேன். வழியெல்லாம் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தேன், இதமாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கவருக்குள் முத்து முத்தாகத் தண்ணீர். துடைக்கவில்லை. அப்படியே ஃப்ரிட்ஜ் தலையில் வைத்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பிரெட்டுக்கு அதுதான் இடம். கடலூர் முதுநகரில் என் அம்மா வீட்டிலும் அப்படித்தான். கரண்ட் பில், சீப்பு, குருத்தோலைச் சிலுவை, பிரெட் எல்லாம் ஃப்ரிட்ஜ் தலையில்தான் இருக்கும். அந்த இடம் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

அவள் என்ன செய்வாள் என்றால், வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டைப் பிரித்து மின்விசிறிக்குக் கீழே ஒரு தட்டில் பிரெட்டைக் காற்றாட வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். "ஆறட்டும்க்கா" என்பாள். அது அவளுடைய வாய்ப்பாடு. என் நாத்தனாரோடு போனில் சண்டை போட்டுவிட்டு நான் கொதித்துக்கொண்டு மாடியேறிப் போனாலும் அதையேதான் சொல்லுவாள். "ஆறட்டும்க்கா, நாளைக்கி பேசிக்கலாம்." எனக்கு இன்றைக்கே பேச வேண்டும். பேசினேன். அதற்குப் பிறகு நாத்தனார் ஏழு மாதம் என்னோடு பேசவில்லை.

அந்த வருடம் மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டர் அவர். விசில் ஊதினால் இரண்டு தெருவுக்குக் கேட்கும். அந்த மனிதர் பத்தே நாளில் கொடியில் போட்ட சட்டை மாதிரி ஆகிவிட்டார். சோறு கொதிக்கிற வாசனை வந்தாலே வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவார். இட்லி இறங்கவில்லை. கஞ்சியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். எண்ணெய் கூடாது, காரம் கூடாது, எதையாவது கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரஸ்க்கோ பிரெட்டோ கொடுத்துப் பாருங்கள் என்றும் சொன்னார்.

பிரெட்டுக்கா பஞ்சம்? எங்கள் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வர மாட்டார்கள். நோயாளி என்றாலே அவர்களுக்கு பிரெட்டைத் தவிர வேறொன்றும் தோன்றாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முதுநகரிலிருந்து என் அண்ணன், சித்தி, மாதா கோயில் பங்குக்காரர்கள் நாலு பேர் என்று ஆளுக்கொரு பாக்கெட்டோடு பஸ் ஏறி வந்தார்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து நாத்தனார் இரண்டு பாக்கெட் கொண்டுவந்தாள். கோபத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாளாம். அன்று சாயங்காலம் ஃப்ரிட்ஜ் தலையில் சுவர் எழுப்பின மாதிரி பிரெட் நின்றது. புதன்கிழமை அதில் பாதி பூஞ்சை பூத்துவிட்டது.

நான் பச்சையைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைத் தோசைக்கல்லில் வாட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அவள் தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல வந்தாள். என் நகத்தைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள்.

"அக்கா, கிள்ளுனா போவாதுக்கா. மேல தெரியிறதுதான் பச்ச. உள்ளாற வேர் ஓடியிருக்கும்."

"எங்க அம்மா இப்படித்தான் குடுத்து வளத்தாங்க. எங்கள்ல யாரும் செத்துப் போயிடல."

"ஈரல் நல்லாருக்கவுங்களுக்குச் சரிக்கா."

பதில் இல்லாதபோது எனக்கு வருகிற கோபம் தனி ரகம். பூக்காமல் இருந்த மூன்று பாக்கெட்டை எடுத்து அவள் கையில் திணித்தேன். "நீதான் பெரிய ஆளாச்சே. இந்தா, இதக் காப்பாத்து பாப்போம்" என்றேன். அவள் கையிலும் அது பூக்க வேண்டும் என்று மனதார விரும்பித்தான் கொடுத்தேன். அவள் டவலில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

ஐந்து நாள் கழித்து ஒரு காலையில் அவள் தட்டோடு வாசலில் நின்றாள். தட்டில் எண்ணெய் படாமல் பொன்னிறமாக வாட்டிய இரண்டு ஸ்லைஸ் இருந்தது. "அண்ணனுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். அவர் இரண்டையும் தின்றார். தின்றுவிட்டு, "இன்னும் இருக்கா?" என்றார்.

படுத்த நாளாக அவர் வாயிலிருந்து வராத வார்த்தை அது. நான் முழங்கால் போட்டு மாதாவுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தட்டைப் பிடித்தபடி, அவள் சுட்டதைத்தான் இன்னும் கேட்கிறாரே என்று நினைத்தேன். சாயங்காலம் அவள் வந்ததும், எந்த பேக்கரியில் வாங்கினது என்று கேட்டேன்.

"நீங்க குடுத்ததுதாங்க்கா" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழரைக்குத் தட்டு வரும். ஒரு நாளும் அவள் உள்ளே வந்ததில்லை. "அக்கா" என்று ஒரு குரல், தட்டு, அவ்வளவுதான். படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் இவர் தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்காருவார். அவள்மேல் எனக்கு வேறு சந்தேகம் எதுவும் கிடையாது. இருந்திருந்தால் சுலபமாகப் போயிருக்கும், குடுமிப்பிடிச் சண்டை போட்டு முடித்திருக்கலாம். ஆனால் கீழாநெல்லி அரைத்தது நான், வாந்தியை அள்ளியது நான், ராத்திரியெல்லாம் விசிறியது நான். என் கையால் ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டேன். "என்னதான் பண்ற நீ?"

"ஒண்ணும் பண்றதில்லக்கா. ஆற வெப்பேன். காஞ்ச துணியில சுத்தி வெப்பேன். ஈரக்கையால தொட மாட்டேன். ரெண்டு நாளுக்கு மேல வேணும்னா ஃப்ரீசர்ல போட்டுருவேன்."

இவ்வளவுதான் என்றால் நான் நம்பிவிடுவேனா? எதையோ மறைக்கிறாள் என்று முடிவு கட்டினேன். நானும் துணியில் சுற்றினேன். ஆனால் வெற்றிலைக்குச் சுற்றுகிற மாதிரி நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றினேன். வாடாமல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளே பூத்துவிட்டது. ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்துப் பார்த்தேன். பூக்கவில்லை, ஆனால் வறண்டு அட்டை மாதிரி ஆகிவிட்டது. அவர் ஒரு கடி கடித்துவிட்டு, "மாடியில குடுக்குறது மாதிரி வரல" என்றார். நோயாளி மனிதர், ஒன்றும் சொல்ல முடியவில்லை. அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் கொழுந்தன் மகளுக்கு நிக்காஹ் என்று இரண்டு நாள் பரங்கிப்பேட்டைக்குப் போனாள். போகும்போது சாவியை என் கையில் கொடுத்தாள்.

"டப்பாவுல பிரெட் இருக்குதுக்கா. அண்ணனுக்கு வேணுங்கிறத மட்டும் எடுத்துத் தோசக்கல்லுல போட்டுக் குடுங்க. பத்தலன்னா ஃப்ரீசர்லயும் இருக்கு."

நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவள் தெருமுனை திரும்பியதும் கையைக்கூடத் துடைக்காமல் மாடிக்குப் போனேன். ஏதாவது ஒரு பொட்டலம், ஏதாவது ஒரு மருந்து கண்ணில் படும், அதானே பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அடுப்பிலிருந்து தள்ளி, ஜன்னலிலிருந்தும் தள்ளி, ஒரு மூலையில் பெரிய பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்தேன். வெள்ளைத் துணி, மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. அதற்குள்ளே பிரெட். இரண்டு ஓரத்துத் துண்டுகளும் அப்படியே இருந்தன. அவள் நடுவிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் சேர்த்து நெருக்கி வைத்திருந்தாள். வெட்டுப்பட்ட இடத்தில் காற்றுப் படக்கூடாது என்று. ஃப்ரீசரில் இரண்டிரண்டு ஸ்லைஸாக வெண்ணெய்த் தாளில் மடித்து அடுக்கியிருந்தது. அவ்வளவுதான். அவள் சொன்னது முழுக்க உண்மை. என்னிடம் எதையும் மறைக்கவில்லை.

அது எனக்கு ஆறவே இல்லை. என் கை முழங்கை வரைக்கும் ஈரமாக இருந்தது. டப்பாவிலிருந்த பிரெட்டை ஒவ்வொரு ஸ்லைஸாக எடுத்து, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் திரும்ப அடுக்கினேன். துணியால் மூடினேன். டப்பாவை இறுக்கி மூடினேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கீழே வந்து, "அவ ஒண்ணும் வெச்சிட்டுப் போவல" என்று அவரிடம் சொன்னேன். பேக்கரியில் புதிதாக வாங்கி வந்து வாட்டிக் கொடுத்தேன். பாதி தின்றார். அன்று சாயங்காலம் அதையும் வாந்தி எடுத்தார்.

மூன்றாம் நாள் அவள் திரும்பி வந்தாள். நாலாம் நாள் காலை ஏழரைக்கு இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எட்டு மணிக்குத்தான் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் கையில் தட்டு இல்லை.

"பூத்துருச்சுக்கா. அத்தனையும் பூத்துருச்சு." அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. "அண்ணனுக்கு இதுலேருந்து குடுத்தீங்களா?"

"ரெண்டு ஸ்லைஸ் குடுத்தேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் கலங்குவதைப் பார்க்கப் பார்க்க இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று இருந்தது. "சாயங்காலம் வாந்தி எடுத்தாரு" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லா, ஈரல் கெட்டுக் கெடக்குற மனுசருக்கு எங்கையால இதக் குடுத்துட்டனே" என்றாள். "இனிமே நான் குடுக்கலக்கா. எனக்குப் பயமா இருக்கு."

"மழ நாளு. யாருக்கும்தான் பூக்கும்" என்று பெரிய மனுஷி மாதிரி ஆறுதல் வேறு சொன்னேன்.

ஜெயித்தேன். தினமும் புதுப் பாக்கெட் வாங்கினேன், என் கையால் வாட்டினேன், என் கையால் நீட்டினேன். முதல் நாள் ஒரு கடி. இரண்டாம் நாள் வாங்கவே இல்லை. "அவுங்க குடுக்கலையா?" என்றார். இல்லை என்றதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இப்படியே ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் கடலூருக்குக் கொண்டுபோய் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள், நான் பொறுப்பெடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். மாடிக்கு ஓடினேன்.

"நீயே குடும்மா. ஒரு வாட்டி பூத்தா என்ன இப்ப?"

"வேணாம்க்கா. என் கைய நானே நம்பல." பேசும்போதே டவலில் கையைத் துடைத்தாள். துடைத்த கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தாள். மூன்றாம் தடவையும் துடைத்தாள். அவள் உள்ளங்கை தோல் சிவந்து உரிந்திருந்தது. பிரெட் பூத்த நாளிலிருந்து இதேதான் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

அந்தக் கையைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. "உங்கையில ஒண்ணும் இல்லடி. நான்தான் தொட்டேன்" என்றேன். "நீ ஊருக்குப் போன அன்னிக்கி, ஈரக்கையோட, எல்லாத்தையும் அழுத்தி வெச்சேன். வேணும்னேதான் வெச்சேன்."

அவள் துடைப்பதை நிறுத்தினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அண்ணன் அதச் சாப்பிட்டாரா இல்லையா?"

"சாப்பிடல. பொய் சொன்னேன்."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "ஃப்ரீசர்ல உள்ளதத் தொட்டீங்களா?"

"இல்ல."

உள்ளே போனாள். ஃப்ரீசரிலிருந்து தாளில் மடித்த ஸ்லைஸ்களை எல்லாம் ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்து, என் கையில் தராமல் படிக்கட்டின்மேல் வைத்தாள். "உங்க ஃப்ரீசர்ல போட்டுக்குங்க. வேண்டியத மட்டும் எடுத்து, அப்படியே கல்லுல போடுங்க. எடுத்தத திரும்ப உள்ள வெக்காதீங்க. இனிமே நீங்களே சுட்டுக் குடுங்க. நான் கீழ வரல." சொல்லி முடிக்கும் வரைக்கும் என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

அன்று மதியம் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு ஸ்லைஸ் வாட்டினேன். அவர் தின்றார். "இன்னிக்கி நல்லாருக்கு. நீயா சுட்ட?" என்றார்.

"ஆமா" என்றேன்.

"இன்னும் ரெண்டு குடு."

கேட்டு வாங்கித் தின்றார். நான் விரும்பின மாதிரியே, என் கையால். அவர் உடம்பு தேறி மறுபடி விசில் ஊதப் போகிற வரைக்கும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் கதவுக் கொண்டியில் ஒரு கவர் தொங்கும். ஆறவைத்து, இரண்டிரண்டாக மடித்த பிரெட். அவள் வந்து மாட்டுகிற சத்தம்கூடக் கேட்காது. ஊருக்குப் போகும்போது சாவியை வீட்டுச் சொந்தக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். படியில் எதிர்ப்பட்டால் "நல்லாருக்கீங்களாக்கா" என்று கேட்பாள், நிற்க மாட்டாள். அந்தச் சங்கதி வேறு யார் காதுக்கும் போகவில்லை. அவள் நினைத்திருந்தால் என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அதிலும் அவள் என்னைவிட ஒரு படி மேலேதான் நின்றாள், அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை. அடுத்த சித்திரையில் நாங்கள் முதுநகருக்கே வந்துவிட்டோம்.

போன மாதம் நல்ல மழை. நாத்தனார் வந்திருந்தாள். அவளுடைய பேக்கரி பிரெட் இரண்டே நாளில் பூத்துவிடுகிறதென்று புலம்பினாள். என் வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இவகிட்டக் கேளு. இவ கையில பிரெட் பத்து நாள் இருக்கும். அன்னிக்கி நான் பொழச்சி வந்ததே இவ சுட்டுப் போட்ட பிரெட்டாலதான்" என்றார். நாத்தனார் என்னைப் பொறாமையோடு பார்த்தாள். ஆற வைக்க வேண்டும், காய்ந்த துணி, நடுவிலிருந்து எடுக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்லிக்கொடுத்தேன்.

அவர் என்னவோ யோசித்துக்கொண்டிருந்தார். "மொதல்ல கொஞ்ச நாளு மாடியில ஒருத்தவுங்க குடுத்தாங்க இல்ல? மருந்துக்கடையில வேல பாத்தவுங்க. பாவம், நல்ல மனுசி. அவுங்க பேரு என்னடி? வாய்ல வர மாட்டேங்குது."

எனக்கு நாக்கு நுனியிலேயே இருந்தது.

"எனக்கும் மறந்துபோச்சுங்க" என்று சொல்லிவிட்டு, கல்லில் கிடந்த ஸ்லைஸைத் திருப்பிப் போட்டேன்.